பிஎஸ்-6 டீசல் காரும் கரி வடிகட்டியும்: சில வருட அனுபவம்

பழைய பிஎஸ்-4 டீசலை விற்றுவிட்டு 2021இல் பிஎஸ்-6 டீசல் கார் எடுத்தேன். பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த 'பாரத் ஸ்டேஜ்' விதி; எண் கூடக் கூட வரம்பு கடுமை. கோவையிலிருந்து வாராவாரம் சேலம் போய் வருகிற ஓட்டம். மைலேஜிலும் இழுவையிலும் குறையே இல்லை. நான் எழுத வந்தது டிபிஎஃப் எனும் கரி வடிகட்டியைப் பற்றி.

பழைய வண்டியின் சைலன்சர் வாயில் விரலை விட்டால் கண்மை போலக் கரி அப்பிக்கொள்ளும். இதில் இன்றைக்கும் துணி விட்டுத் துடைத்தால் லேசான சாம்பல் நிறம்தான். அதனால் துகளே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் டீசல், காற்றோடு முழுதாகக் கலக்கும் முன்பே எரியத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் போதாத இடத்தில் அது கரியாகிறது. முதலில் 20, 30 நானோமீட்டர் உருண்டைகள் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அவை ஒட்டிக்கொண்டு 100 நானோமீட்டர் வாக்கில் கொத்தாகின்றன. வடிகட்டியின் பீங்கான் சுவர் பிடிப்பது இந்தத் திடக் கரியைத்தான். ஆவியாக இருப்பது அதைத் தாண்டி வந்துவிடும். சைலன்சரை விட்டு வெளியேறிய நொடியே சூடு இறங்க, கந்தக அமில ஆவியும் எரியாத எண்ணெய் ஆவியும் புதிய துகள்களாகத் திரள்கின்றன. பெரும்பாலும் 50 நானோமீட்டருக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது, ஒளி எவ்வளவு மறைகிறது என்று பார்க்கும் புகைச் சோதனைக் கருவியிலும் சிக்காது. வண்டி விடும் நைட்ரஜன் ஆக்சைடும் பிறகு காற்றில் அம்மோனியாவோடு சேர்ந்து நைட்ரேட் துகளாகிறது.

பிஎஸ்-6 விதி துகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது: கிலோமீட்டருக்கு 60,000 கோடி. ஆனால் அந்தக் கணக்கில் வருவது 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட திடத் துகள் மட்டுமே; கந்தக அமில ஆவியிலிருந்து திரளும் துகள் அதில் வராது. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10க்கு இறங்கியது அதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வடிகட்டி நிறைந்ததும் வண்டி கூடுதல் டீசல் விட்டு, சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும். ஐடிலில் ஆர்பிஎம் கூடும், மைலேஜ் இறங்கும், இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓடும். அந்த நேரத்தில் வெளியேறும் துகளும் அதிகம். மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க ஊருக்குள்ளேயே ஓடியதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சேலம் ரோட்டில் 60க்குக் குறையாமல் இருபது நிமிடம் போனதும் அணைந்தது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வண்டியே எடுக்கலாம்.

"ஏனுங்க, அந்த வடிகட்டியைக் கழட்டிப்போட்டு ப்ரோக்ராமை மாத்திட்டா தொல்லையே இல்லீங்களே" என்றார் வெளி மெக்கானிக் ஒருவர். தயவுசெய்து செய்யாதீர்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே வகைப்படுத்திவிட்டது. நம் பின்னால் வருகிற பைக்காரருக்கு அந்த வடிகட்டிதான் பாதுகாப்பு.

ஆயில் மாற்றும்போது மேனுவலில் சொன்ன, சாம்பல் குறைந்த வகையையே கேட்டு வாங்குங்கள். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் உலோகச் சாம்பல் எரியாமல் வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.