சங்கிலி ஓசையா, தரையில் தட்டும் கோலா?

அமெரிக்க அடிமைமுறை விட்டுச்சென்ற தழும்புகளைப் பற்றிய ஒரு குறும்படத்துக்கு ஒலி வடிவமைக்க உட்காரும்போது, முதலில் கைக்கு எட்டுபவை சங்கிலியும் சவுக்கும்தான். படத்துக்கான ஓசைகளைச் செயற்கையாக எழுப்பிப் பதிவுசெய்யும் ஃபோலி அறையில் இரும்பை இழுத்தும் தோல்வாரை வீசியும் அரை நாளில் பதிவுசெய்துவிடலாம். பார்ப்பவருக்கும் உடனே விளங்கிவிடும். ஆனால், அந்த ஓசை கொடுமையை, அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1865-க்கு முன்பே நிறுத்திவிடுகிறது. படமோ இன்றைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் நடக்கிறது. சவுக்கொலி அடித்தவன் எழுப்பிய ஓசை, அடிபட்டவருடையதன்று என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலுள்ள குரல் பதிவுகள் இதற்கு நேரெதிரானவை. அடிமைகளாக இருந்தவர்களிடம் 1932 முதல் 1975 வரை எடுக்கப்பட்ட அந்த நேர்காணல்கள் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடுகின்றன. அவற்றின் உண்மைத்தன்மைக்கு ஈடில்லை. எனினும், பழைய பதிவின் கரகரப்பை அகற்ற மென்பொருளைச் சற்றே கூட்டினாலும் சொற்களின் நுனியும் மூச்சும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால், கரகரப்பை அப்படியே விடுவதுதான் நல்லது. அந்தக் குரலுக்கு அடியில் வயலினை ஓடவிட்டால், சாட்சியம் வெறும் அலங்காரமாகிவிடும். முழு வாக்கியம் கேட்கும்வரை காட்சியைக் காத்திருக்க வைக்கப் படத்தொகுப்பாளர் சம்மதிக்காவிட்டால், இந்த வழியைத் தொடாமலிருப்பதே மரியாதை.

என் மனம் சாய்வது மூன்றாவது வழியின் பக்கம். 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் கிளர்ந்தெழுந்த அடிமைகள் முரசறைந்து அணிவகுத்தார்கள். மறு ஆண்டே அங்கே அடிமைகளின் முரசுக்குச் சட்டம் தடை விதித்தது. முரசு போனாலும் தாளம் போகவில்லை. தென் கரோலினாவின் கடலோரத்திலும் அண்டை ஜார்ஜியாவிலும் வாழும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா-கீச்சி மக்களின் ‘ரிங் ஷவுட்’ வழிபாட்டில், கைகள் தட்ட, பாதங்கள் தரையைத் தேய்த்தபடி வட்டமாக நகர, ஒருவர் துடைப்பக்கோலால் மரத்தரையைத் தட்டுகிறார். இதை ஃபோலி அறையில் போலியாகச் செய்யக்கூடாது. அந்த மரபினரின் ஒப்புதலோடு, உரிய ஊதியம் தந்து, அவர்கள் ஆடும் தரையிலேயே பதிவுசெய்ய வேண்டும். செலவும் நாளும் கூடும். சங்கிலியைப் போல உடனே விளங்கவும் செய்யாது.

ஆனால், தரையோரம் வைத்த மைக்கில் பலகைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தின் முழக்கமும் சேர்ந்து விழும்போது, அந்தத் தரையே முரசாகிவிடுகிறது. அதே தட்டலை முதற்காட்சியில், பாட்டி வீடு கூட்டி முடித்துத் துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கும் ஒற்றை ஓசையாக வைத்தால், தாளம் முழுதாக எழும் கடைசிக் காட்சியில் எந்த விளக்கமும் தேவைப்படாது.