மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா?

ஏசி வாங்கப் போகிறவர்கள், அது எவ்வளவு கரண்டை மிச்சப்படுத்தும் என்று காட்டும் ஸ்டிக்கரில் ஸ்டாரை எண்ணுகிறார்கள். நான் அதே ஸ்டிக்கரில் இருக்கும் இரண்டு எண்களைத்தான் பார்ப்பேன். ஒன்று ஐஎஸ்இஇஆர்: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை மடங்கு குளிர்ச்சி கிடைக்கிறது என்ற கணக்கு, கூடக்கூட நல்லது. இன்னொன்று, வருடம் 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் இழுக்கும் என்பது. 1600 மணி நேரம் என்றால் ராத்திரிக்கு 8 மணி நேரம் வீதம் 200 ராத்திரி.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் வந்த ஸ்டார் அட்டவணைப்படி ஐஎஸ்இஇஆர் 4 என்றால் மூன்று ஸ்டார், 5 என்றால் ஐந்து ஸ்டார். முன்னது வருடத்துக்கு 1000 யூனிட் இழுத்தால், பின்னதற்கு 800 போதும். யூனிட் 8 ரூபாய் என்றால் மிச்சம் 1,600 ரூபாய். விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம் இருந்தால் ஐந்து வருடத்தில் கைக்கு வந்துவிடும். தினமும் படுக்கும் அறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஸ்டார் வாங்கலாம்.

அதே ஏசியை சித்திரை, வைகாசியில் மட்டும் போடுகிற வீடு என்றால்? 480 மணி நேரம்தான், மிச்சம் 60 யூனிட், அதாவது 480 ரூபாய். போட்ட காசு திரும்ப 16 வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஏசியே போய்ச் சேர்ந்துவிடும். விருந்தாளி அறைக்கு மூன்று ஸ்டாரே தாராளம்.

ஸ்டார் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. விண்டோ ஏசிக்குத் தனி அட்டவணை. 2022 கணக்கில் ஐஎஸ்இஇஆர் 3.5 எடுத்தாலே விண்டோவுக்கு ஐந்து ஸ்டார், ஸ்ப்ளிட்டுக்கு அது வெறும் இரண்டு ஸ்டார்! வருடமும் முக்கியம். 4.6 எடுத்த ஸ்ப்ளிட், 2022 ஜூலைக்கு முன் ஐந்து ஸ்டார், அப்புறம் நான்கு. 2026 ஜனவரியில் அளவுகோலை மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் ஸ்டிக்கரில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். உங்கள் வீடு கோடையில் 480, 520 என்று விளிம்பில் நிற்கிறதா? அப்படியானால் மேலே போட்ட கணக்கைவிட ஐந்து ஸ்டாருக்கு லாபம் கூடுதல்.