காந்தத்தால் மருந்தைத் தோலுக்குள் இறக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

முட்டி வலிக்கு "ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், காந்த அலை வைத்து மருந்தைத் தோல் வழியாகவே மூட்டுக்குள் இறக்கிவிடுவோம்" என்று சொல்லும் ஒரு சென்டரில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். பிரஷர் மாத்திரை போடுகிறார், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல், அதனால் வலி மாத்திரை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரை இல்லாத வைத்தியம் என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான். பேக்கேஜ் 18,000 ரூபாய், மொத்தமும் முதலிலேயே கட்ட வேண்டும். முட்டியில் ஜெல்லைத் தடவி, மேலே வளையம் போன்ற ஒரு கருவியை மாட்டி உட்கார வைப்பார்கள். அந்த ஜெல் லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் இருந்தது. என்ன மருந்து என்று கேட்டால் "எங்க சொந்த ஃபார்முலா சார்". கிட்னி விஷயத்தைச் சொன்னதற்கு, "வெளியே பூசுறதுதானே அம்மா, உடம்புக்குள்ள போகாது, பயப்படாதீங்க" என்றார் அங்கிருந்தவர்.

ஆழமாக உள்ளே போகும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், கிட்னி என்றதும் உள்ளேயே போகாது என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்?

காந்தப்புலம் மருந்தைத் தோலில் கடத்த உதவுமா என்ற ஆராய்ச்சி நிஜமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. 1999லேயே பென்சாயிக் அமிலத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள், பிறகு மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னை வைத்தும் செய்தார்கள், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வரும் காந்தத் துடிப்புகளைச் சோதித்தார்கள். ஆனால் இவற்றில் பெரும்பகுதி, வெட்டியெடுத்த தோல் துண்டைக் கண்ணாடிக் கலனில் பொருத்தி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் எவ்வளவு மருந்து கடக்கிறது என்று அளந்த சோதனைகள். முட்டிக்குள் போய்ச் சேர்வது வேறு கதை. தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும், அதைத் தாண்டினால் கீழே நுண்ணிய ரத்தக் குழாய்கள். கடந்து வரும் மருந்தில் கணிசமான பங்கை அவை வாங்கிக்கொண்டு போய்விடும். சிகரெட்டை விடுவதற்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் வேலை செய்வதே இப்படித்தான். அப்படியென்றால் ஜெல்லில் டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது வலி மருந்து இருந்து, அந்தக் கருவியும் அவர்கள் சொல்கிறபடி வேலை செய்தால், கிட்னிக்கு ஆகாத மருந்து அம்மாவின் ரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும். கருவி வேலை செய்யாவிட்டால், கடையில் வாங்கும் சாதாரண ஜெல்லைப் பூசிக்கொள்வதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

இதை விட மோசம், கூடுதல் பணத்துக்கு, மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் பெயரில் "கொலாஜன் பேக்கேஜ்" ஒன்றும் வைத்திருக்கிறார்கள். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் தோலைத் தாண்டுவதே கஷ்டம் என்பது மருந்தியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முழு கொலாஜன் ஏறக்குறைய 3 லட்சம் டால்டன்!

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு முட்டியைச் சுற்றிச் சிவந்து கொப்புளம் வந்தது. "கெட்ட நீர் வெளியேறுது, நல்லதுதான்" என்று மறுபடியும் அதே இடத்தில் தடவினார்கள். அப்புறம் கால் வீக்கம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் முன்பைவிட ஏறியிருந்தது. ஜெல்லில் என்ன இருக்கிறது என்றே தெரியாததால் அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உடனே நிறுத்துங்கள் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் பாதியில் நிறுத்தியவர்களுக்குக் கிடையாதாம். பில்லில் "தெரபி சார்ஜ்" என்று மட்டும் இருக்கிறது, மருந்தின் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னொன்று, அங்கே வருகிறவர்களிடம், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) இருக்கிறதா என்று சென்டர்காரர்கள் கேட்டு நான் பார்க்கவில்லை. வலுவான காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இயங்கும் விதமே மாறலாம். இதய நோய் உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி எங்காவது பணம் கட்டியவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், ஜெல் டப்பாவையும் தோலில் வந்த கொப்புளத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டர் சீட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.