மனக்காயம் பட்ட குழந்தைக்கு எந்தச் சிகிச்சை? அதில் பெற்றோருக்கு எந்த இடம்?

விபத்து, அடி உதை, பாலியல் துன்புறுத்தல், கண்ணெதிரே ஒரு மரணம் என்று ஏதோ ஒன்று நடந்த வீட்டில், சில வாரம் கழித்துக் குழந்தை இரவில் அலறி எழுகிறது. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புகிறது. பள்ளியில் காரணமில்லாமல் யாரையாவது அடிக்கிறது. பதறித் தேடும் பெற்றோர் கையில் கிடைப்பது ஏழெட்டு சிகிச்சைகளின் பெயர்கள்தான். பெயரைப் பார்க்கும் முன் மூன்றைக் கேட்கச் சொல்வேன். குழந்தைக்கு என்ன வயது? ஆபத்து ஓய்ந்துவிட்டதா? சிகிச்சையின்போது பெற்றோர் உள்ளே இருப்பார்களா, வெளியே காத்திருப்பார்களா? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை.

அந்த மூன்றாவது கேள்வியின் கனத்தை அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் டெப்ளிங்கர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான 100 குழந்தைகளின் குடும்பங்களை நான்கு பிரிவாக்கினார்கள்: குழந்தைக்கு மட்டும் சிகிச்சை, தாய்க்கு மட்டும், இருவருக்கும், வழக்கமாகக் கிடைக்கும் உதவி மட்டும். குழந்தை நேரடியாகச் சிகிச்சை பெற்ற பிரிவுகளில் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. தாய் பங்கெடுத்த பிரிவுகளில் குழந்தையின் மனச்சோர்வும் முரட்டுத்தனமும் குறைந்தன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகவில்லை. குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தும் எந்தச் சிகிச்சையையும் நான் சற்றுத் தயங்கியே பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த வழியில் வளர்ந்ததுதான் டி.எஃப்.சி.பி.டி. எனப்படும் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கியது. 3 முதல் 18 வயது வரை பொருந்தும். பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். காயம் நீண்டகாலத்தது என்றால் 25 வரைகூடப் போகும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக அமர்வு நடக்கும், பிறகு சேர்ந்தும் நடக்கும். முதலில் மூச்சுப்பயிற்சி, உணர்ச்சியைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, தடுமாறும்போது தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்வது. அதன்பிறகே நடந்ததைக் குழந்தை தன் வார்த்தையில், தன் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவோ எழுதவோ வரையவோ செய்யும்.

பெற்றோர் அதிகம் அஞ்சுவது இந்தக் கட்டத்தைத்தான். "மறந்துட்டு இருக்கிறதை ஏன் கிளறணும்?" என்பார்கள். குழந்தை மறக்கவில்லை. அம்மா கலங்கிவிடுவாள் என்று பேசாமல் இருக்கிறது. பேசாமல் ஒதுக்க ஒதுக்க, அந்த இடம், அந்த வாசனை, அதே நிறச் சட்டை போட்ட யாரோ ஒருவர் என்று பயம் பரவிக்கொண்டே போகும். "நான்தான் காரணம்" என்ற எண்ணமும் திருத்த ஆளில்லாமல் உள்ளேயே தங்கும். குழந்தை எழுதியதை ஒருநாள் பெற்றோரிடம் வாசித்துக் காட்டும்போது, அவர்கள் அழுதாலும் உடைந்துபோகாமல் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். பெற்றோருக்கென்று தனி அமர்வு நடப்பது பெரிதும் அதற்காகத்தான். ஏழு வயதுக்கு மேற்பட்ட, பேச வாய்ப்புள்ள குழந்தைக்கு என் முதல் தேர்வு இதுவே.

இதற்கு நேர்ப்போட்டி ஈ.எம்.டி.ஆர். எனப்படும், கண்ணசைவைக் கொண்டு நினைவின் வலியைக் குறைக்க முயலும் சிகிச்சை. பிரான்சின் ஷாபிரோ 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியது. நடந்ததை மனதில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் இடமும் வலமும் தொடர வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மாறி மாறிக் கையைத் தட்டுவார்கள். விவரமாகச் சொல்லத் தேவையில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. வாய் திறக்கவே மறுக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டுக்கும் இடம் உண்டு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் ஒரு படி பிரித்தது: 7 முதல் 17 வயதினருக்கு டி.எஃப்.சி.பி.டி. பலன் தராதபோது, அல்லது பிள்ளை அதில் ஒட்டாதபோதுதான் ஈ.எம்.டி.ஆர். அந்த வரிசை எனக்கும் சரியாகவே படுகிறது. கண்ணசைவுதான் குணப்படுத்துகிறதா, நினைவை நேர்கொள்வதுதான் வேலை செய்கிறதா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை. தவிர, பெற்றோருக்கு இதில் கிடைக்கும் இடம் சிறியது. வீட்டில் எல்லோருமே காயப்பட்டிருந்தால் இது மட்டும் போதாது.

கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை கணக்கே வேறு. அந்த வயதில் நடந்ததைக் கதையாகச் சொல்லும்படி கேட்க முடியாது. அங்கே எனக்கு நம்பிக்கை தருவது சி.பி.பி. என்கிற குழந்தை-பெற்றோர் உளச்சிகிச்சை. சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன், பட்ரீசியா வான் ஹார்ன் இருவரும் வளர்த்தெடுத்தது. வாரம் ஒன்றாக ஏறத்தாழ ஓராண்டு, தாயும் பிள்ளையும் ஒரே அறையில். பொம்மை வீட்டில் ஒரு பொம்மை இன்னொன்றை அடித்துக்கொண்டே இருந்தால், "அப்பா அம்மாவை அடிச்சப்போ நீ ரொம்பப் பயந்துட்ட, இல்லையா" என்று சிகிச்சையாளர் தாயின் முன்னிலையிலேயே சொல்வார். இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லலாம் என்று இருவருக்கும் அப்போது தெரியவரும். தாயின் சொந்தக் குழந்தைப் பருவக் காயமும் பேசப்படும். ஓராண்டு என்பது பாரம்தான். வேலையை விட்டு வாராவாரம் வர முடியாத குடும்பங்கள் பாதியில் நிற்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் முடிந்தவர்கள் இதைவிடக் குறுகிய வழி தேட வேண்டாம்.

அடித்தவரே பெற்றோராக இருந்து, இப்போது திருந்த முனைகிறார் என்றால் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பி.சி.ஐ.டி. என்கிற பெற்றோர்-குழந்தை ஊடாடல் சிகிச்சை பொருத்தம். பெற்றோர் பிள்ளையோடு பழகும்போதே, ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து சிகிச்சையாளர் பெற்றோரின் காதுக்கருவியில் அந்தந்த நொடியே வழிகாட்டுவார். உடல்ரீதியாகத் துன்புறுத்திய பெற்றோரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், இதைப் பெற்றவர்களில் 19 சதவீதத்தினர் மீதுதான் மறுபடி புகார் வந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 49 சதவீதம். நடந்ததை இது நேராகத் தொடுவதில்லை. அதற்கு வேறு சிகிச்சை பின்னால் தேவைப்படலாம்.

குடும்பம் முழுவதையும் வட்டமாக உட்காரவைக்கும் பொதுவான குடும்பச் சிகிச்சை, விபத்துக்கும் இழப்புக்கும் பிறகு உதவக்கூடும். வன்முறை இன்னும் ஓயாத வீட்டில் அது கூடவே கூடாது. அங்கே உண்மை பேசிய குழந்தை, அன்று மாலை அந்த ஆளோடுதான் வீடு திரும்ப வேண்டும். விளையாட்டுச் சிகிச்சை பற்றியும் ஒரு சொல்: குழந்தையோடு பழக அது நல்ல மொழி. ஆனால் மாதக்கணக்கில் விளையாட்டு மட்டும் தொடர்ந்து, நடந்தது பேச்சிலேயே வராவிட்டால் மாற்று தேடுங்கள்.

சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் கூட்டி உணர்ச்சியைக் கொட்டவைக்கும் அமர்வு வேண்டாம் என்று நைஸ் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கு (பி.டி.எஸ்.டி.) மருந்து தர வேண்டாம் என்பதும் அதன் நிலைப்பாடு. குழந்தையை இறுக்கிப் பிடித்து, போர்வையில் சுருட்டி "மறுபிறப்பு" தருவதாகச் சொல்பவர்களிடமிருந்து தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பத்து வயதுச் சிறுமி அப்படி மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அதைத் தடை செய்தது.