ஆப் வேண்டாம், சொற்பட்டியல் போதும்: நீளமான ஆங்கிலச் சொல் தேடிய அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். அதில் ஒரு விளையாட்டு உண்டு. போர்டில் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன். அந்த எழுத்துகள் அத்தனையும் உள்ளே இருக்கிற, முடிந்த அளவு நீளமான ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை மாறலாம், வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் சேரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால், சில பிள்ளைகளின் அப்பாக்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பஞ்சாயத்து அப்போதுதான் சூடுபிடிக்கும். "இதைவிட நீளமா ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஏதாவது ஒரு கருவி வேண்டும். சில வருஷமாகப் பலதையும் பயன்படுத்திவிட்டேன்.

முதலில் ஆப்கள். சொல் தேடும் ஆப் என்று கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கிராபிள் என்ற சொல் கோக்கும் பலகை விளையாட்டை ஆடுகிறவர்களுக்கானவை. அவை நம் கேள்வியைத் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன. பாம்பன் என்று கொடுத்தால், அந்த எழுத்துகளை மட்டும் வைத்து உண்டாக்கக்கூடிய மேப், நேப் மாதிரி குட்டிச் சொற்களைக் கொட்டும். எனக்கு வேண்டியது அந்த எழுத்துகளை உள்ளே வைத்திருக்கும் பெரிய சொல். நான் வைத்திருந்த ஓர் ஆப்பில் அதற்கென ஒரு பெட்டி இருந்தது. ஆனால் கொடுத்த எழுத்துகள் அதே வரிசையில் ஒட்டி வந்தால்தான் காட்டும். தேடலுக்குத் தேடல் விளம்பரம் வேறு. இன்னொரு சிக்கல், ஸ்கிராபிள் பலகை 15க்கு 15 கட்டம் என்பதால் அதற்கான பட்டியல்களும் 15 எழுத்தோடு நின்றுவிடும். நீளமான சொல்லைத் தேடும்போது இது பெரிய குறை.

ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளம் வேறு ரகம். கேள்விக்குறி போட்டால் ஓர் எழுத்து, நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்தும் என்று எடுத்துக்கொள்ளும். எந்த எழுத்து எந்த இடத்தில் என்று ஓரளவு தெரிந்தால் இதைவிட வசதி கிடையாது. குறுக்கெழுத்து போடுகிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஏஐ சாட்களையும் விட்டுவைக்கவில்லை. பாம்பனுக்குக் கேட்டதும் இன்கம்பேட்டிபிலிட்டி என்று தைரியமாகச் சொன்னது. 15 எழுத்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்பனில் ஏ இரண்டு முறை வருகிறது, இதில் ஒன்றுதான். ஏஐ சாட்கள் சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கின்றன. எழுத்து எண்ணும் வேலையில் தடுமாறுவது அதனால்தான். பிள்ளைகள் முன்னால் இதை நடுவராக வைக்க முடியாது.

கடைசியில் நிலைத்தது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எனேபிள் என்ற ஆங்கிலச் சொற்பட்டியல், யாருக்கும் உரிமைத் தடை இல்லாதது, 1,72,000 சொற்களுக்கு மேல். அளவு இரண்டு எம்பிதான். 15 எழுத்தைத் தாண்டிய சொற்களும் இதில் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் கட்டளை அடித்து வேலை வாங்க உதவும் டெர்மக்ஸ் ஆப்பைப் போட்டு, கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் கிரெப் கட்டளையால் தேடுகிறேன். கிரெப் 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்சன் எழுதியது. இன்றைக்கும் இந்த வேலைக்கு அதை மிஞ்ச எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் எழுத்துக்கு வடிகட்டி, வந்ததை அடுத்த எழுத்துக்கு வடிகட்டி, இப்படியே சங்கிலியாகப் போக வேண்டும். ஏ இரண்டு வேண்டுமானால் ஏ, புள்ளி, நட்சத்திரம், மறுபடி ஏ. கடைசியில் ஆக் கட்டளையால் எழுத்து எண்ணிக்கையைப் போட்டு, சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தினால் நீளமானது அடியில் வந்து நிற்கும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் சில நேரம் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு எந்த சிக்னலும் தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி.

பாம்பனுக்கு முதலில் ஆம்ஃபிபியன், ஒன்பது எழுத்து. நீரிலும் நிலத்திலும் வாழும் உயிருக்கான சொல் பாம்பனுக்குள் அமைந்ததில் பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். அப்புறம் அன்இம்பீச்சபிள் 13, இன்கம்பேரபிலிட்டி 15. தொண்டிக்கு ஹைட்ரஜனேஷன் 13, நாட்வித்ஸ்டாண்டிங் 15. ஏர்வாடிக்கு அட்வர்டைஸ்மென்ட் 13, டைவர்சிஃபிகேஷன் 15.

இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிடிபட்டது. முரண்டு பிடிக்கிற எழுத்தை எந்த முன்னொட்டு, எந்தப் பின்னொட்டு விழுங்கும் என்று முதலில் பார்க்கிறார்கள். பாம்பனில் பேட்டுக்கு வரும் பி எழுத்தை ஏபிள் என்ற வால் கொடுத்துவிடும், கூடவே ஓர் ஏ. என் எழுத்துக்கு அன் அல்லது இன். எம் எழுத்தும் பென்னுக்கு வரும் பி எழுத்தும் சேர்ந்தாற்போல காம்ப் என்ற துண்டில் கிடைக்கும். இதோடு வேலை முக்கால்வாசி முடிந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இன்கம்பேரபிள் என்பதைப் போனை எடுக்காமலே இப்படித்தான் எட்டினாள். எந்த ஆப்பும் இதைச் சொல்லித் தரவில்லை.

பட்டியல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெரிது நல்லது என்று மூன்றரை லட்சத்துக்கு மேல் சொல் உள்ள ஒன்றையும் இறக்கினேன். கண் சின்னதான வலையில் சங்காயம் என்கிற கழிவு மீன் சேர்ந்து வருவது போல, அகராதியில் காணாத சொல்லெல்லாம் வந்து விழுந்தது. ஆட்டத்துக்கு எனேபிளே போதும். எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். உச்சிப்புளிக்கு ஒரு பையன் சல்ஃபூரிக் என்றான். எழுத்து திரும்பத் திரும்ப வருவதைக் கணக்கில் எடுக்காத ஆட்டம் அது. நாம் படித்த எழுத்துக்கூட்டலில் சரியான விடைதான். ஆனால் அமெரிக்க முறையில் நடுவில் எஃப் வந்துவிடும். வேதியியல் பெயர்களை வகுக்கும் ஐயுபிஏசி என்ற உலக அமைப்பும் 1990இல் எஃப் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படி எழுதினால் பி, எச் இரண்டும் போய்விடும், உச்சிப்புளிக்குப் பொருந்தாது. பையனுக்கு மார்க் கொடுத்தேன்.

குறை என்றால், பட்டியலில் அர்த்தம் இருக்காது. பக்கத்தில் ஆஃப்லைன் அகராதி ஒன்று வேண்டும். அர்த்தம் சொல்லத் தெரியாத சொல்லுக்கு எங்கள் வகுப்பில் பாதி மார்க்தான். கட்டளை அடிப்பது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், முழு வரியையும் ஒரு ஃபைலில் சேமித்துவைத்து எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஐபோனில் டெர்மக்ஸ் கிடையாது, ஏ-ஷெல் என்ற ஆப்பில் கிரெப் இருக்கிறது.