என் நாய் மணியின் நரைத்த முகவாயைப் படம் பிடிக்க எது சரி: எஃப் 1.8 லென்சா, சீலிங்கில் பட்டு வரும் பிளாஷா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு டெரஸ் வரிசையின் நடுவீடு. முன்னும் பின்னும் மட்டும்தான் சன்னல். நடுக்கூடத்தில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். சாயங்காலம் மழை கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். மணி படுப்பது அங்கேதான். 11 வயது, கருப்பு நிறம், கம்போங் நாய், அதாவது நாட்டு நாய். போன தீபாவளிக்குப் பிறகு முகவாய் முழுக்க நரைத்துவிட்டது. அந்த நரையோடு அவனை ஒழுங்காகப் படம் பிடித்து வைக்கத்தான் இவ்வளவும் செய்தேன்.

கைப்பேசியின் இரவு முறை பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. தூங்கும் நாய்க்குச் சரி, தலையைத் திருப்பினால் காது இரண்டாகிவிடும். எல்இடி வீடியோ விளக்கை வைத்தால் மணி எழுந்து போய்விடுகிறான். மிஞ்சியது 50 மிமீ எஃப் 1.8 லென்சும், தலையைத் திருப்பக்கூடிய பிளாஷும். இரண்டையும் மூன்று மாதம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன்.

லென்சின் பெருமை எல்லோரும் அறிந்ததுதான். எஃப் எண் குறையக் குறைய லென்சின் துளை பெரிதாகும். கேமராவோடு வந்த சூம் லென்ஸ் 50 மிமீயில் எஃப் 5.6, இது அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். மணி பக்கவாட்டில் படுத்திருக்கும்போது எடுத்த படங்கள் அருமை.

நேராக என்னைப் பார்க்கும்போதுதான் சிக்கல். மணியின் கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்தேன்: 9 செமீ. என்னுடையது ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) கேமரா. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 3 செமீகூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் நரைத்த முகவாய் பஞ்சாகக் கரைகிறது. முகவாயில் வைத்தால் கண் உயிரிழக்கிறது. இந்த லென்சை மனித முகத்துக்கும் பக் போன்ற தட்டை முகத்துக்கும் மெச்சலாம். நீள மூக்கு நாய்க்கு எஃப் 5.6 வேண்டும், அப்போதுதான் 8 செமீக்கு மேல் கிடைக்கும். ஆனால் எங்கள் கூடத்தில் அதற்கு ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறன், 12800 வரை போக வேண்டியிருந்தது. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் மணல் மணலான புள்ளிகள் கருப்பு முடியில் அப்படியே தெரியும். முடி முடியாகத் தெரியாது.

பிளாஷ் இந்த முடிச்சை அவிழ்த்தது. தலையை வெள்ளைச் சீலிங்குக்குத் திருப்பி, எஃப் 5.6, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 800, பவர் கால்வாசி. கண், நரை, மூக்கின் ஈரம் எல்லாம் ஒரே படத்தில். பிளாஷ் வெட்டுவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். தலையை உதறினாலும் உறைந்து நிற்கிறது. நேராக அடித்தால் நாயின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளக்கும் படலம் பச்சையாக மின்னும், சீலிங்கில் பட்டு வந்தால் மின்னாது. தானியங்கி முறையை மட்டும் தவிருங்கள். அளவு பார்க்க முன்னால் ஒருமுறை மின்னும், அதற்கே மணி கண்ணைச் சிமிட்டினான். பவரைக் கையால் வைத்ததும் அது நின்றது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். லென்சை வைத்து 1/250இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். பிளாஷ் முன் அந்த டியூப் கணக்கிலேயே இல்லை.

சீலிங் வெள்ளையாக இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டில் அது வெளிர்மஞ்சள். அங்கே மணியின் நரையும் மஞ்சளாகிவிட்டது.

பராமரிப்பு பெரிய வேறுபாடில்லை. லென்சுக்கு இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், உலர்பெட்டி கட்டாயம். பிளாஷுக்கு நாலு ஏஏ ரீசார்ஜபிள் பேட்டரி; பயன்படுத்தாத நாளில் கழற்றி வைக்க வேண்டும்.

நான் சொல்வது ஒரு நாயை வைத்துத்தான். மணி இடிக்கும் அசையாதவன். மின்னலுக்கு நடுங்கும் நாய்க்கு பிளாஷை வைத்து எடுத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நாய் என்றால் லென்சையே முதலில் வாங்கச் சொல்வேன்.

என் லென்சை விற்கவில்லை. ஞாயிறு காலை முன்வாசல் கிரில்லுக்குள் வெயில் விழும்போது மணி அங்கே பக்கவாட்டில் படுப்பான். அப்போது மட்டும் உலர்பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.