லைக்கா எம்6-க்கு 90 மி.மீ. லென்ஸ்: எதை வாங்கலாம்?

லைக்காவின் ஃபிலிம் கேமராவான எம்6-இல் முகம் எடுக்க 90 மி.மீ. லென்ஸ் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது லைக்காவின் எஃப் 2 சம்மிக்ரானைத்தான் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது). 0.72 வியூஃபைண்டர் உள்ள எம்6-க்கு 90 மி.மீ. எஃப் 2.8 போதும், பல இடங்களில் அதுதான் நல்லதும்கூட.

எம்6-இல் ஃபோகஸ் செய்வது ரேஞ்ச்ஃபைண்டரால்: இரண்டு ஜன்னல்கள் வழியே வரும் பிம்பங்களை ஒன்றுசேர்க்க வேண்டும். அந்த ஜன்னல்களுக்கு இடையே 69.25 மி.மீ. தூரம். காட்சி 0.72 மடங்காகச் சுருங்குவதால், ஃபோகஸ் துல்லியத்துக்குக் கைகொடுப்பது ஏறக்குறைய 50 மி.மீ. மட்டுமே. 1954-இல் வந்த எம்3 கேமராவில் இது 60-ஐத் தாண்டும். ஒன்றரை மீட்டரில் 90 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ. சொச்சம். எஃப் 2.8-இல் 4.5 செ.மீ. வரை கிடைக்கும். எதிரே இருப்பவர் லேசாக அசைந்தாலே இமையில் வைத்த ஃபோகஸ் நழுவிவிடும் என்பதால், இந்த ஒரு செ.மீ. சின்ன விஷயமில்லை. வெயிலிலும் எஃப் 2 உதவாது. 400 ஃபிலிம் போட்டால், உச்சி வெயிலில் 1/1000 நொடிக்கே துளையை எஃப் 8-க்கும் 11-க்கும் இடையே மூட வேண்டியிருக்கும்.

75 மி.மீ. வாங்கலாமா? லென்ஸ் நல்லதுதான், ஆனால் எம்6-இன் வியூஃபைண்டரில் படம் எதுவரை விழும் என்று காட்டும் அதன் சட்டம், 50 மி.மீ. லென்ஸின் கோடுகளுக்கு உள்ளே வெறும் மூலைக் குறிகளாகத்தான் தெரியும். அவசரத்தில் கண் 50-க்கே போகும்.

பழைய லென்ஸ் சந்தையில் கைக்கு அடக்கமானது 1974 முதல் 1990 வரை வந்த லைக்காவின் மெல்லிய டெலி-எல்மாரிட் 90 எஃப் 2.8. எடை 225 கிராம், 39 மி.மீ. ஃபில்டர். இதன் பெரிய வியாதி பின்பக்கக் கண்ணாடியில் படியும் மங்கல். துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். பால் படிந்ததுபோல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். சிலவற்றில் பூச்சே அரித்துப்போயிருக்கும், துடைத்தாலும் போகாது. மங்கல் இல்லாததும் எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறத்தான் செய்யும், ஹுட் (வெளிச்சத்தை மறைக்கும் மூக்கு வளையம்) கட்டாயம்.

1990-இல் அதன் இடத்துக்கு வந்த எல்மாரிட்-எம் கிட்டத்தட்ட 400 கிராம், ஹுட் லென்ஸோடு சேர்ந்தே இருக்கிறது, 46 மி.மீ. ஃபில்டர். எஃப் 2.8-லேயே அவ்வளவு கூர்மை. வயதானவர் முகத்தில் சுருக்கம் ஒன்றையும் மறைக்காது; அது வேண்டாதவர்களுக்கு டெலி-எல்மாரிட்டே இதம். பழையதே வேண்டாம் என்றால் ஃபோக்ட்லெண்டர் அபோ-ஸ்கோபார் 90 எஃப் 2.8 இருக்கிறது. 250 கிராம், 0.9 மீட்டர் வரை கிட்டே போகலாம். மங்கலுக்குப் பயப்படாமல் வாங்க இதுதான் என் முதல் சிபாரிசு.

வாங்கியதும் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பார்த்து, ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை பிம்பம் ஒன்றுசேர்கிறதா என்று பாருங்கள். அடுத்து 1 மீட்டரில் சாய்த்து வைத்த ஸ்கேலில் ஒரு கோட்டுக்கு ஃபோகஸ் செய்து, முழுத் துளையில் சில படங்கள் எடுங்கள். ஃபோகஸ் தப்பினால், '50 மி.மீ. லென்ஸில் சரியாக வருகிறதே, அப்போது லென்ஸ்தான் குற்றவாளி' என்று முடிவு கட்டாதீர்கள். 1 மீட்டரில் 50-க்கு எஃப் 2-இல் நாலரை செ.மீ. ஆழம் உண்டு, 90-க்கு எஃப் 2.8-இல் 2 செ.மீ.கூட இல்லை. 50 மூடி மறைத்த கேமராக் கோளாறுதான் பல நேரம் 90-இல் வெளியே வரும். எனவே கேமரா, லென்ஸ் இரண்டையும் சேர்த்தே மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வியூஃபைண்டரின் சட்டக் கோடுகள் கிட்ட தூரத்துக்கு அளந்தவை. 3 மீட்டரில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் படத்தில் விழும், கொஞ்சம் இறுக்கியே எடுக்கலாம்.

செலவைக் குறைக்கப் பழைய திருகு மவுண்ட் எல்மார் 90 எஃப் 4 வாங்குபவர்கள் அடாப்டரைக் கவனித்து வாங்குங்கள். திருகு லென்ஸை எம்6-இல் மாட்டும் இந்த வளையம்தான் எந்தச் சட்டம் தெரியும் என்பதை முடிவு செய்யும்; 28/90 என்று குறித்தது வேண்டும். 50/75 அடாப்டர் போட்டால் ஃபோகஸ் கெடாது, ஆனால் சட்டம் தப்பாக வரும். லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள சட்டத் தேர்வு நெம்புகோலை ஒவ்வொரு படத்துக்கும் விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.